உள்ளே இருந்த நாட்களே தண்டனை

(நூலக அரங்கு ஒன்றில் வாசகர்கள் முன் ஒரு வழக்கறிஞர் நிகழ்த்திய உரையின் அச்சு வடிவம்)



தண்டனை என்றதும் நம் மனத்தில் ஒரு காட்சி வருகிறது. நீதிபதி தீர்ப்பை வாசிக்கிறார். "இத்தனை ஆண்டு" என்கிறார். அன்று மாலை சிறைக் கதவு சாத்தப்படுகிறது. சினிமா நமக்குப் பழக்கிவிட்ட வரிசை இது. மாவட்ட நீதிமன்றங்களில் இருபத்தாறு ஆண்டுகளாக, பெரும்பாலும் இலவசச் சட்ட உதவி வழக்குகளுக்காக நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஏழைகள் பலருக்கு இந்த வரிசை நடப்பதே இல்லை. சிறை முதலில் வந்துவிடுகிறது. தீர்ப்பு நிதானமாகப் பின்னால் வருகிறது. வரும் தீர்ப்பும் ஏற்கெனவே கழிந்துபோன நாட்களை எண்ணிப் பார்த்து, அவற்றுக்குத் தண்டனை என்று பெயர் வைத்துவிட்டுப் போகிறது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். நடந்தது 2017இல். பையனுக்கு அப்போது பத்தொன்பது முடிந்திருந்தது. பெயிண்டர் ஒருவரிடம் கையாளாக இருந்தான். பொங்கலுக்குப் பிறகு ஒரு வீட்டில் பட்டி பார்த்து வண்ணம் அடிக்கப் போன இடத்தில், அலமாரியிலிருந்து இரண்டு வெள்ளி டம்ளரையும் மேசை மேல் கிடந்த ஒரு கைப்பேசியையும் எடுத்துவிட்டான். மறுநாளே பிடிபட்டான். பொருள் அப்படியே கிடைத்துவிட்டது. வீட்டுக்குள் நடந்த திருட்டு என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 380ஆம் பிரிவு. ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கலாம். ரிமாண்ட் செய்தார்கள்.

இருபத்து மூன்றாம் நாள் ஜாமீன் கிடைத்தது. இங்கேதான் கதை முடிந்திருக்க வேண்டும். உத்தரவில் இருந்த நிபந்தனைகள் எங்கள் பக்கத்தில் வழக்கமாகப் போடுபவைதான். தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள். அவர்களில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும். வெளியே வந்தபின் மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து.

ஜாமீனுக்குப் பத்தாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இப்படிப்பட்ட உத்தரவில் யாரும் எதையும் கட்டுவதில்லை. பையன் ஓடிப்போனால் அந்தத் தொகையை நான் கட்டுகிறேன் என்று ஒருவர் எழுதிக் கொடுக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அப்படி எழுதிக் கொடுக்கும் தகுதி தனக்கு உண்டு என்று அவர் காட்டியாக வேண்டும். ஆதார் நகல், குடும்ப அட்டை, புகைப்படம், வீட்டு வரி ரசீது, கிராம நிர்வாக அலுவலர் தரும் சொத்துச் சான்று. இந்தப் பையனின் அம்மா கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்ப்பவர். வாய்க்கால் புறம்போக்கில் குடிசை. பட்டா இல்லாத இடத்துக்கு ஏது வீட்டு வரி ரசீது? இரத்த உறவு என்று இருந்தது அவர் ஒருவர்தான். அவரால் ஜாமீன் நிற்க முடியவில்லை.

அவர் அலைந்த அலைச்சலை நான் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரு மஞ்சள் பையில் காகிதங்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருப்பார். வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு மூன்று முறை போனார். அளவைக்குப் போயிருக்கிறார், கூட்டத்துக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாங்க. தம்பி முறையில் ஒருவர் வருவதாகச் சொன்னார், அவர் வீட்டில் விடவில்லை. பெயிண்டர் மேஸ்திரி ஒருநாள் நீதிமன்ற வாசல் வரை வந்தவர், உள்ளே போலீசாரைப் பார்த்ததும், "என்னைய விட்ருங்க சார், எனக்கும் புள்ள குட்டி இருக்கு" என்று திரும்பிவிட்டார். பல நீதிமன்றங்களின் வாசலிலும், டீக்கடைப் பக்கம், கூலிக்கு ஜாமீன் நிற்பவர்கள் இருப்பார்கள். அந்த அம்மாவிடம் அவர்கள் கேட்ட தொகை அவருடைய இரண்டு மாத வருமானம். தரவும் முடியாது, அந்த வழியில் போகச் சொல்ல என்னாலும் முடியாது.

இது அந்தக் குடும்பத்தின் விதி என்று விட்டுவிட முடியாது. 1978இல் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஜாமீன் கொடுத்தாகிவிட்டது. ஆனால் நடுவர் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டார். உடன்பிறந்தவர் நிற்கத் தயார் என்றபோது, அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று நடுவர் மறுத்துவிட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த மறுப்பைக் கண்டு கொதித்துப் போய் எழுதினார். ஒரு தமிழரோ மலையாளியோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார். ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னார். அந்தத் தீர்ப்பு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இன்று என் தலை நரைத்துவிட்டது. நீதிமன்ற எழுத்தர் மேசையில் இன்றும் "உள்ளூர் ஜாமீன் இருக்கா?" என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

அடுத்த ஆண்டே, 1979இல், பீகார் சிறைகளின் நிலை வெளிவந்தது. ருஸ்தம்ஜி என்ற காவல்துறை அதிகாரி நாளேட்டில் எழுதிய கட்டுரைகளைப் படித்துவிட்டுக் கபிலா ஹிங்கோரானி என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அதுதான் உசைனாரா காத்தூன் வழக்கு. குற்றம் நிரூபணமானால் கிடைக்கும் உச்சத் தண்டனையைக் காட்டிலும் அதிக நாட்களை விசாரணைக் கைதிகளாகவே கழித்தவர்கள் அந்தச் சிறைகளில் இருந்தார்கள். விரைவான விசாரணை என்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கில்தான்.

அண்மைக் காலக் கணக்கு ஒன்றையும் கேளுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தரும் கணக்குப்படி 2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அங்கே இருந்த இடம் 4,36,266 பேருக்கு. இருந்தவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீர்ப்பாகாதவர்களை மட்டும் வைத்தே நாட்டின் சிறைகள் ஏறத்தாழ நிரம்பியிருக்கும்.

சட்டம் சும்மா இருக்கிறது என்று சொல்லமாட்டேன். உச்சத் தண்டனையில் பாதிக் காலத்தை உள்ளே கழித்த விசாரணைக் கைதியை விடுவிக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வழி செய்தார்கள். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, முன் தண்டனை இல்லாதவருக்கு அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல பிரிவு. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் அந்தச் சலுகை இல்லை என்றும் அதிலேயே இருக்கிறது. சின்னத் திருட்டில் பிடிபட்டவன் மீது ஊரில் துப்புத் துலங்காமல் கிடக்கும் நாலு வழக்கையும் சேர்த்து எழுதும் பழக்கத்தை அறிந்தவர்களுக்கு, இந்த ஒரு வரி யாரை வெளியே நிறுத்தும் என்பது புரியும்.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாமல் ஒருவர் உள்ளேயே இருந்தால், நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்க வேண்டும். உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதைப் பற்றியும் அந்த உத்தரவு பேசுகிறது. அதே ஆண்டு ஒன்றிய அரசு, ஏழைக் கைதிகளின் ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாமல் உள்ளே இருக்கும் தண்டனைக் கைதிகளுக்கு 25,000 ரூபாய் வரையும் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. இவை எதுவும் 2017இல் இல்லை. பணம் தரும் திட்டம் இருந்திருந்தாலும், அந்தப் பையனுக்கு வேண்டியிருந்தது பணம் அல்ல, ஒரு வீட்டு வரி ரசீது.

அவன் உள்ளே இருந்தான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வாய்தா. சில வாய்தாவுக்கு வழிக்காவலுக்கு ஆள் இல்லை என்று கொண்டுவர மாட்டார்கள். அம்மா வாரத்துக்கு ஒருமுறை பேருந்து பிடித்துப் போய் மனுப் போட்டுப் பார்ப்பார். சிறைச் சந்திப்புக்கு எங்கள் பக்கம் பெயரே "மனு பார்ப்பது"தான். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேச வேண்டும். ஒருமுறை நானும் உடன் போனேன். அந்த அம்மா பேசவே இல்லை. வலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் சொன்னபோதுதான், "எண்ணெய் வச்சுக் குளிக்கிறியா?" என்று கேட்டார்.

இனி என் தவற்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லவே இந்த வழக்கை எடுத்தேன்.

ஏழு மாதம் கழிந்தபின் வழக்கு விசாரணைக்கு வந்தது. சாட்சிகள் வந்து, குறுக்கு விசாரணை நடந்து முடிய இன்னும் ஓர் ஆண்டு ஆகலாம். நீதிமன்ற வராந்தாவில் எல்லோருக்கும் தெரிந்த குறுக்கு வழி ஒன்று உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டால், உள்ளே இருந்த நாட்களையே தண்டனையாக விதித்து அன்றே விட்டுவிடுவார்கள். விசாரணைக் காலத்தில் கழித்த நாட்களைத் தண்டனையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. கைதிக்கு நன்மை செய்ய வந்த பிரிவு அது. அதுவே இப்படி ஒரு வாசலாகிவிட்டது. நான் அவனிடம் கேட்டேன்: "ஒத்துக்கிறியாப்பா? இன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்." அவன் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தான். அம்மா தலையை ஆட்டினார். ஏழு மாதம் பதினொரு நாள். அதுவே தண்டனை என்று உத்தரவானது. மாலையில் அவன் வெளியே வந்தான். அம்மா என் காலைத் தொட வந்தார். எனக்கும் அன்று மனம் நிறைந்துதான் இருந்தது.

என் மனம் நிறைந்திருக்கக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சட்டக் கல்லூரியில் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். சென்னை மாகாணம் இதில் முன்னோடி. 1936லேயே இங்கே இப்படி ஒரு சட்டம் உண்டு. இந்தச் சட்டம் சொல்வது எளிமையானது. முதல் முறை தவறு செய்தவரை, 380ஆம் பிரிவுத் திருட்டாக இருந்தாலும்கூட, எச்சரித்து அனுப்பலாம். அல்லது மூன்று ஆண்டுக்கு மிகாமல் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கிக்கொண்டு, நன்னடத்தை அலுவலரின் பார்வையில் வீட்டிலேயே இருக்க விடலாம். 6ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இருபத்தொரு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு, குற்றம் ஆயுள் தண்டனைக்கு உரியதாக இல்லாவிட்டால், சிறைத் தண்டனை விதிக்கவே கூடாது. விதித்துத்தான் ஆக வேண்டும் என்றால் நீதிமன்றம் காரணத்தை எழுத வேண்டும். அதற்கு முன் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்க வேண்டும். 5ஆம் பிரிவு, பொருளை இழந்தவருக்கு இழப்பீடு தர வைக்கலாம் என்கிறது. 12ஆம் பிரிவு, இப்படி விடப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது.

என் கட்சிக்காரனுக்கு அன்று வயது இருபது. முதல் குற்றம். பொருள் திரும்பக் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு வரியும் அவனுக்காகவே எழுதியதுபோல இருந்த சட்டம். நான் ஒரு மெமோ போடவில்லை. அரசு வழக்கறிஞர் சொல்லவில்லை. நீதிமன்றமும் கேட்கவில்லை. எல்லோரும் அவன்மேல் இரக்கப்பட்டோம்; அந்த இரக்கத்தில் சட்டத்தை மறந்துவிட்டோம்.

அதன் விலை இரண்டு ஆண்டு கழித்துத் தெரிந்தது. வணிக வளாகம் ஒன்றில் காவலாளி வேலை கிடைத்தது அவனுக்கு. காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கேட்டார்கள். தண்டனை பெற்றவர் என்று வந்தது. வேலை போனது. பக்கத்துத் தெருவில் எந்த வீட்டில் எது காணாமல் போனாலும் இரவில் அவன் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. "சார், நான் அன்னைக்கு ஒத்துக்கிட்டேன்ல, அது தப்பா சார்?" என்று என்னிடம் தொலைபேசியில் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

பொருளை இழந்தவரைப் பற்றி இந்த ஆள் பேசவில்லையே என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்ற வேண்டிய கேள்விதான். அந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வெள்ளி டம்ளர்கள் அவருடைய தாயார் தந்தவை. வழக்குச் சொத்து என்று நீதிமன்றச் சொத்து அறையில் அவை கிடந்தன. வழக்குப் பொருட்களைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு சீக்கிரமே உரியவரிடம் கொடுங்கள் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. ஆனால் மனுப் போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாலு முறை வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். தீர்ப்பன்று என்னிடம் வந்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞன் என்று என்மேல் கோபம் இருக்கும் என நினைத்தேன். "அந்தப் பையனை விட்டுட்டாங்களா? ஏழு மாசமாவா உள்ள இருந்தான்? எனக்குத் தெரியாதே" என்றார். பிறகு, "என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார். அவர் பெயரால் நடந்த வழக்கு அது. அவரையும் நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

கேட்பதற்கென்று சட்டத்தில் ஒரு நேரமே இருக்கிறது என்பதுதான் இதில் வருத்தம். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஒரு புதிய படியைக் கொண்டுவந்தது. குற்றவாளி என்று முடிவு செய்தபின், தண்டனை எவ்வளவு என்பதைப் பற்றித் தனியே கேட்க வேண்டும். 1976இல் சாந்தா சிங் வழக்கில், அப்படிக் கேட்காமல் விதித்த மரண தண்டனையை ரத்து செய்து, மறுபடி கேட்கும்படி உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. கேட்பது என்றால் அந்த மனிதர் யார், எப்படி வளர்ந்தார், அவரை எது இங்கே கொண்டுவந்தது, திருந்த வழி இருக்கிறதா என்று அறிவது. எங்கள் நீதிமன்றங்களில் அந்தப் படி எப்படி நடக்கிறது தெரியுமா? "தண்டனை பற்றி ஏதாவது சொல்றியா?" கூண்டில் நிற்பவர் முதல்முறையாக வாயைத் திறக்கிறார்: "ஐயா, வயசான அம்மா இருக்காங்க, பார்த்துச் செய்யுங்க." தட்டச்சில் ஒன்றரை வரி. அவ்வளவுதான். முந்நூறு பக்க வழக்குக் கட்டில் அந்த மனிதரைப் பற்றி இருப்பது அந்த ஒன்றரை வரி மட்டுமே. மற்ற பக்கங்கள் எல்லாம் குற்றத்தைப் பற்றியவை.

மரண தண்டனை வழக்குகளில் நிலை மாறத் தொடங்கியிருக்கிறது. 2022இல் மனோஜ் வழக்கில், குற்றவாளியின் பின்னணி, மனநிலை, சிறையில் அவர் நடந்துகொண்ட விதம் ஆகியவற்றைப் பற்றிய அறிக்கைகளை விசாரணை நீதிமன்றமே பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. தூக்குமேடை வரை போகிறவருக்குக் கிடைக்கும் இந்த அக்கறையில் ஒரு துளி, வெள்ளி டம்ளர் எடுத்தவனுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். எண்ணிக்கையில் அவர்கள்தானே மிகுதி.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவை ஒரு தண்டனையாக வந்திருக்கிறது. ஆறு குற்றங்களுக்கு மட்டும். அவற்றில் ஒன்று, ஐந்தாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறை திருடி, அதைத் திருப்பிக் கொடுத்தவருக்கு. கேட்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அது சாதாரணத் திருட்டுக்கான பிரிவில்தான் இருக்கிறது. வீட்டுக்குள் நடக்கும் திருட்டு வேறு பிரிவு. தெருவில் நிறுத்திய பழைய சைக்கிளை எடுத்தவருக்குச் சமூக சேவை; வண்ணம் அடிக்கப் போன வீட்டில் டம்ளரை எடுத்தவனுக்கு இல்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் அவனுக்கு மறுபடி தேட வேண்டியிருக்கும்.

இவ்வளவும் வழக்கு என்று ஒன்று நடப்பவர்களைப் பற்றி. வழக்கு விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கும் சட்டமும் நம்மிடம் இருக்கிறது. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டம். குண்டர் சட்டம் என்றால்தான் தெரியும். அதே 2022ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டிலேயே தடுப்புக் காவலில் அதிகம் பேரை வைத்திருந்த மாநிலம் நம்முடையது. ஏழு வாரத்துக்குள் அறிவுரைக் கழகம் பார்க்கும். அதன் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றம் பல உத்தரவுகளை ரத்து செய்கிறது. ரத்தாகும்போது பெரும்பாலும் பாதி ஆண்டு கழிந்திருக்கும். அந்த நாட்களை எந்தத் தண்டனையில் கழித்துக்கொள்வது?

சிறைக்கு உள்ளே நடப்பதைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். மணிமேகலையில் ஒரு காதைக்குச் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை என்றே பெயர். அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை பூம்புகார்ச் சிறைக்குள் போகிறாள், பசித்தவர்களுக்குச் சோறு இடுகிறாள். செய்தி சோழ மன்னனுக்குப் போகிறது. என்ன வேண்டும் என்று கேட்கிறான். தனக்கென்று எதையும் அவள் கேட்கவில்லை. அந்தச் சிறையை அறக்கோட்டமாக மாற்றித் தரக் கேட்கிறாள். அவன் மாற்றுகிறான். சிறையைச் சீர்திருத்த இடமாக மாற்றும் எண்ணம் மேற்கிலிருந்து வந்தது என்று நம்புகிறவர்கள் அந்தக் காதையை ஒருமுறை படிக்கலாம்.

நம் சிறைத் துறையின் பெயரிலேயே இப்போது சீர்திருத்தம் சேர்ந்திருக்கிறது. கைதிகள் நடத்தும் பெட்ரோல் நிலையங்கள் இருக்கின்றன. சிறை அங்காடியில் விற்கும் ரொட்டியும் இனிப்பும் தரமானவை, நான் வாங்குவது உண்டு. நல்ல அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 2024 அக்டோபர் 3ஆம் நாள் வரை, பல மாநிலங்களின் சிறை விதிப் புத்தகங்களில் சமையல் வேலை யாருக்கு, துப்புரவு வேலை யாருக்கு என்பதைச் சாதி பார்த்து ஒதுக்கும் விதிகள் அச்சில் இருந்தன. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் அன்றுதான் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்றது. சிறைப் பதிவேடுகளில் சாதிப் பத்தியையும் நீக்கச் சொன்னது. நமக்கு மிக அருகிலுள்ள பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து அடைத்த வழக்கமும் அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. மோதலைத் தவிர்க்க என்ற காரணத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. எந்த நீதிபதியும் "மூன்று ஆண்டு சிறை, சாதிப்படி கழிப்பறை கழுவ வேண்டும்" என்று தீர்ப்பு எழுதியதில்லை. எழுதாத தண்டனையைச் சுவருக்குள் நாமே சேர்த்துக்கொண்டோம்.

ஆயுள் தண்டனையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயுள் என்றால் பதினான்கு ஆண்டு என்று ஊரில் சொல்வார்கள். சட்டப்படி ஆயுள் என்றால் ஆயுள்தான். முன்விடுதலை அரசின் கையில் இருக்கிறது. நம் மாநிலத்தில் தலைவர்களின் நூற்றாண்டு விழாவை ஒட்டி ஆயுள் கைதிகளை விடுவிக்கும் வழக்கம் உண்டு. வெளியே வந்த ஒவ்வொருவருக்காகவும் மகிழ்ந்திருக்கிறேன். ஆனாலும் ஒருவர் வெளியே வரும் நாளை அவருடைய மாற்றம் தீர்மானிக்க வேண்டும். உள்ளே படித்தார், தொழில் கற்றார், பரோலில் போய்ச் சொன்ன நாளில் திரும்பி வந்தார். இவற்றைப் பார்த்து நாள் குறிக்கும் முறை ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் பத்தொன்பது வயதில் 1991இல் உள்ளே போய், 2022 மே 18இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் விடுதலை ஆனார். அமைச்சரவை 2018இலேயே பரிந்துரைத்த விடுதலை அது. கோப்பு காத்திருந்த அந்த ஆண்டுகளை விதித்த நீதிபதி யார்?

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். மறுபடியும் ஒரு பையன், பத்தொன்பது வயது. கோழிக்கடையில் வேலை, கல்லாப் பெட்டியில் கை வைத்துவிட்டான். இந்த முறை முதல் வாய்தாவிலேயே நன்னடத்தைச் சட்டத்தின் 6ஆம் பிரிவைக் குறிப்பிட்டு மெமோ போட்டேன். நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்டு நடுவர் உத்தரவிட்டார். அந்த அலுவலர் ஒரு பெண்மணி. எத்தனையோ வட்டங்களைத் தனி ஆளாகப் பார்ப்பவர். பையன் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசியிருக்கிறார். கோழிக்கடைக்காரரையும் பார்த்திருக்கிறார். பையன் எட்டாம் வகுப்போடு நின்றது ஏன் என்று பள்ளியில் விசாரித்திருக்கிறார். அப்பா விபத்தில் இறந்த மாதம் அது. பணம் எடுத்தது தங்கையின் மருத்துவமனைச் செலவுக்கு என்பதை ரசீதோடு எழுதியிருந்தார். மொத்தம் ஒன்றரைப் பக்கம். நடுவர் அதை இரண்டு முறை படித்தார். கடைக்காரரை முன்னே வரச் சொன்னார். "பணம் வந்தா போதும்யா, பையன் வேலைக்காரன்தான்" என்றார் அவர். மாதம் ஐந்நூறு வீதம் திருப்பித் தர வேண்டும், இரண்டு ஆண்டு நன்னடத்தைப் பிணை என்று உத்தரவானது.

பையன் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டான். அம்மா வாசலில் என்னை நிறுத்தி, "ஐயா, இனி ஜெயிலுக்குக் கூப்பிட மாட்டாங்களா?" என்று கேட்டார். மாதம் ஒருமுறை அந்த அலுவலர் அம்மையாரைப் போய்ப் பார்க்க வேண்டும், பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றேன். நம்பாதவர்போல மகனிடம் திரும்பி, "அந்தம்மா ஆபீஸ் எந்தப் பக்கம்னு கேட்டுக்கிட்டு வா" என்றார். அவன் கேட்கப் படியேறி ஓடினான்.